பட்டா யார் பேரில்? விதிமுறை எழுதுபவர்களுக்கு ஒரு குத்தகை விவசாயியின் திறந்த மடல்

டெல்லி கிருஷி பவனிலும் சென்னைக் கோட்டையிலும் உட்கார்ந்து விவசாய உதவித்தொகைக்கு விதிமுறை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தனை கோடி, இத்தனை லட்சம் விவசாயிகள் என்ற அறிவிப்பு அவர்களுடையது. "யார் யாருக்குக் கிடைக்கும்" என்று தொடங்குகிற இரண்டாம் பக்கம் உங்களுடையது. நான் உள்ளே இருக்கிறேனா வெளியே நிற்கிறேனா என்பது அந்தப் பக்கத்தில் முடிவாகிறது.

திருவையாறு பக்கம் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறேன். மா கணக்கு தெரியாதவர்களுக்கு, மூன்று ஏக்கர். ஆறு மாவில் பூவன் வாழை, மூன்று மாவில் நெல். அப்பா காலத்திலிருந்து அதே நிலம், அதே சொந்தக்காரர் குடும்பம். எழுத்தில் ஒன்றும் கிடையாது. தை பிறந்ததும் பணத்தை எண்ணிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறார். ஒப்பந்தம் என்றால் அவ்வளவுதான்.

2020இல் கொரோனாவுக்காக விவசாயிகளுக்கு அரசாங்கம் அனுப்பிய நிவாரணம் எனக்கு நேராக வந்து சேரவில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்தக் கதையை ஏன் எடுக்கிறேன் என்று கேட்பீர்கள். 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறோம் என்று எங்கள் ஊரில் முகாம் போட்டார்கள். இனிமேல் எந்த உதவி வந்தாலும் அந்த எண்ணை வைத்துத்தான் என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். காலையில் இலை அறுத்துவிட்டு நேராகப் போனேன். ஆதார், போன், பேங்க் புத்தகம் எல்லாம் பையில் இருந்தது. மேசையில் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

"பட்டா யார் பேர்லங்க ஐயா?"

"ஓனர் பேர்லம்மா. அவர் தாம்பரத்துல இருக்கார். வாழை என்னோடது."

என் சட்டையைப் பார்த்தாள். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "பாத்தாலே தெரியுதுங்க ஐயா. ஆனா இதுல பட்டா இருக்கறவங்களைத்தான் ஏத்த முடியும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய போனில் எனக்கு இடமில்லை, அவள் என்ன செய்வாள்? ஆனால் இதே கேள்வியால்தான் ஐந்து வருஷத்துக்கு முன்பும் வெளியே நின்றேன். அதனால்தான் இந்த மடல்.

2020 மார்ச் 24. மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 போட்டுவிட்டார்கள். ராத்திரி டெல்லியிலிருந்து 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது. எங்களுக்கு அது பங்குனி. வாழைக்காரனுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கல்யாணக் காலம். பந்திக்கு இலை, தாம்பூலத்துக்குப் பழம், வாசலில் கட்டத் தாரோடு மரம் என்று வருஷத்தில் கையில் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். அதற்காகவே கணக்குப் பார்த்து மரம் வைத்திருப்போம்.

இலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கோப்புகளில் வாழை என்றால் தார் மட்டும்தான் வருகிறது. இலைக்கென்று வைத்த தோட்டத்தில் வாரம் தவறாமல் அறுக்க வேண்டும். குருத்து விரிந்த சில நாளில் அறுத்தால் தலைவாழை இலை. விட்டால் காற்றில் கிழியும். கிழிந்த இலையில் யாரும் சோறு போட மாட்டார்கள். ஊரடங்கு என்று மரம் குருத்து விடுவதை நிறுத்தவில்லை. முதல் வாரம் அறுத்துக் கட்டிப் போட்டேன், எடுக்க ஆள் வரவில்லை. கட்டோடு மஞ்சளாகி அழுகியது. இரண்டாம் வாரம் அறுக்கவில்லை. மூன்றாம் வாரம் தோட்டத்துக்குள் போனால் எல்லா மரமும் கிழிசல் கிழிசலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டலில் பார்சல் உண்டே என்பீர்கள். உண்டு. பார்சல் கடைக்குத் துண்டு இலை போதும். ஒரு கல்யாணத்துக்குப் போகிற ஆயிரம் நுனி இலையை எந்தப் பார்சல் கடையும் வாங்கியதில்லை.

விவசாய வேலைக்கும் விளைபொருள் வண்டிக்கும் தடையில்லை என்று மார்ச் 27ஆம் தேதியே மத்திய உள்துறை உத்தரவு போட்டது உண்மைதான். வண்டி போகலாம், சரி. போய் யாரிடம் இறக்குவது? திருச்சியில் காந்தி மார்க்கெட்டே இடம் மாறியிருந்தது. கல்யாணத்தைப் பத்துப் பேரோடு வீட்டுக்குள் முடித்துக்கொண்டார்கள். கோயில் நடை சாத்தியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் 300 ரூபாய்க்கு எடுத்த தாரை ஏப்ரலில் 70க்குக் கேட்டார் வியாபாரி. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் என் தலையில். நாற்பது தார் மரத்திலேயே பழுத்தது. அணிலும் வவ்வாலும் நன்றாகச் சாப்பிட்டன.

அந்த ஏப்ரலில்தான் ஒரு நாள் சாயங்காலம் தாம்பரத்திலிருந்து போன்.

"தம்பி, அக்கவுண்ட்ல ரெண்டாயிரம் ஏறியிருக்கு. விவசாயிக்குக் கொரோனா பணம்னு டிவியில சொன்னாங்களே, அதுதான்னு நினைக்கிறேன். நான் என்ன விவசாயம் பண்றேன்? கடை வெச்சிருக்கேன், அதையும் மூடிட்டு வீட்ல உட்கார்ந்திருக்கேன். தையில குத்தகை தரும்போது இதைக் கழிச்சுக்கோ."

நல்ல மனிதர். அவர் ஏமாற்றி வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணம் வந்தது பிஎம் கிசான் என்ற மத்திய அரசின் விவசாய உதவித்தொகைத் திட்டத்தில். அதன் விதிப்படி சாகுபடி நிலம் பெயரில் இருந்தால் போதும். அரசு ஊழியரா, வருமான வரி கட்டுகிறவரா, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவரா என்று பார்த்துக் கழிப்பார்கள். இவர் இதில் எதுவும் இல்லை. சொல்லப்போனால் விதியை அவர்தான் சரியாகப் பின்பற்றினார். மனசாட்சியையும் பின்பற்றினார், அது விதியில் இல்லாதது. பக்கத்து வாய்க்காலில் குத்தகை பார்க்கிற என் சித்தப்பா மகனுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. அவனுடைய நிலக்காரருக்கும் பணம் ஏறியிருக்கும்தான். அதை எப்படிக் கேட்பது? "உங்களுக்கு வந்த பணத்தில் எனக்குப் பங்கு" என்று கேட்டுவிட்டு அடுத்த தையில் அதே வரப்பில் நிற்க முடியுமா?

ஆக, அரசாங்கம் விவசாயிக்கு அனுப்பிய கொரோனா நிவாரணம் எனக்கு நிலக்காரரின் தயவாக வந்து சேர்ந்தது.

அந்த 2,000 ரூபாயே நிவாரணமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. மார்ச் 26ஆம் தேதி நிதியமைச்சர் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பை அறிவித்தபோது, 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் 2,000 ரூபாய் என்றார். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. பிஎம் கிசான் 2019 பிப்ரவரியிலிருந்து நடக்கிற திட்டம். வருஷத்துக்கு 6,000, மூன்று தவணை. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் எப்படியும் வர வேண்டிய தவணையை முதல் வாரத்திலேயே தந்தார்கள், அவ்வளவுதான். புதுப் பணம் ஒரு ரூபாய் இல்லை. சம்பளத்தை ஒன்றாம் தேதிக்குப் பதில் இருபத்தைந்தாம் தேதியே கொடுத்துவிட்டு அதைப் போனஸ் என்று சொன்னால் உங்கள் அலுவலகத்தில் ஒத்துக்கொள்வீர்களா? மே மாதம் வந்த 20 லட்சம் கோடித் தொகுப்பிலும் விவசாயத்துக்கு ஒரு லட்சம் கோடியில் உள்கட்டமைப்பு நிதி என்றார்கள். கிடங்கு, குளிர்பதனம் கட்டக் கடன். வரவேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழிந்து தொங்கிய என் இலைக்கு அதில் பதில் இல்லை.

இனி, எனக்கு நேராக வந்த உதவிகளையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதமே அதில்தான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் ரேஷன் கடையில் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். டோக்கன் வீட்டுக்கு வந்தது, போய் வாங்கினோம். 2021இல் இரண்டாவது அலையில் மே மாதம் 2,000, ஜூன் மாதம் 2,000, அரிசி அட்டைக்கு மொத்தம் 4,000. அதுவும் வந்தது. இந்த இரண்டு தடவையும் பட்டா யார் பேரில் என்று ஒருவரும் கேட்கவில்லை. குடும்ப அட்டை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இருந்தது.

அப்புறம் 2021 ஜனவரி மழை. அறுப்புக்கு நின்ற சம்பா தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. என் மூன்று மாவும் போயிற்று. அதற்கு முந்தைய நிவர், புரெவி புயல்களை ஒட்டி மாநில அரசு நெல்லுக்கு இடுபொருள் நிவாரணத்தை ஹெக்டேருக்கு 13,500இலிருந்து 20,000 ஆக்கியிருந்தது. கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் முழங்காலுக்குமேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். முளைத்த கதிரைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். "யாருப்பா சாகுபடி?" என்றார். நான்தான் என்றேன். வரப்பில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார், அவர்கள் தலையாட்டினார்கள். என் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு ஏக்கருக்கு 8,000 ரூபாய் என் கணக்கிலேயே ஏறியது.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன்பு அரசாங்கத்துக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அதே நிலம், அதே ஆள். மழைக்குத் தெரிந்த நான் கொரோனாவுக்குத் தெரியாமல் போனேன். வித்தியாசம் கேட்ட கேள்வியில் இருந்தது. ஓரிடத்தில் பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள், இன்னோரிடத்தில் சாகுபடி யார் என்று கேட்டார்கள். எங்கள் நிர்வாகத்தில் குத்தகை விவசாயியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று யாராவது உங்களிடம் கோப்பு வைத்தால், அந்த மடித்துக் கட்டிய வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா கேட்பது மோசடியைத் தடுக்கத்தானே என்பது உங்கள் பக்கத்து நியாயம். நியாயம்தான். தடுத்ததா என்று பார்த்துவிடுவோம். அதே 2020இல், அதே தமிழ்நாட்டில், அதே பிஎம் கிசானில் என்ன நடந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறினார்கள். சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அந்த செப்டம்பரில் வேளாண் துறையே சொன்னது. அதிகாரிகளுக்குக் கொடுத்த கடவுச்சொல் தரகர்கள் கைக்கும் கணினி மையங்களுக்கும் போயிருந்தது. கொரோனா பணம் வருகிறது என்று சொல்லி ஆதாரையும் பேங்க் புத்தகத்தையும் வாங்கி ஏற்றினார்கள். ஒப்பந்த ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், சிபிசிஐடி விசாரித்தது. நாடு முழுக்கத் தகுதியில்லாமல் பணம் வாங்கியவர்கள் 42 லட்சம் பேர், திரும்ப வர வேண்டியது சுமார் 2,990 கோடி என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள்.

ஒரு சென்ட் நிலமும் இல்லாதவன் கடவுச்சொல் வழியாக உள்ளே போனான். நான் மட்டும் பட்டா இல்லை என்று வெளியே நின்றேன். வாசலில் பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த வீடு மாதிரி. அந்த மோசடியில் ஏறிய பெயர்களை ஊரில் ஒரு மரத்தடியில் நின்று சத்தமாகப் படித்திருந்தால் அன்றைக்கே பாதி கழிந்திருக்கும். எவன் எந்த வயலில் நிற்கிறான் என்பது ஊருக்குத் தெரியாதா?

2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி. நல்ல காரியம், என் ஊரிலேயே பலர் மூச்சு விட்டார்கள். என்னுடைய கடன் கூட்டுறவில் இல்லை. நிலக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கூட்டுறவில் எனக்குக் கடன் கிடைக்கும் நிலை. அவர் தாம்பரத்தில் இருக்கிறார். ஆகவே 2019 கன்று நடவுக்கே என் மனைவியின் செயின் அடகுக்கடைக்குப் போயிருந்தது. தள்ளுபடிப் பட்டியலில் அடகுக்கடை வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாதவன் கடனும் எழுத்தில் இருக்காது, கடன் எழுத்தில் இல்லாவிட்டால் தள்ளுபடியும் வராது. ஒன்றிலிருந்து ஒன்றாக இப்படித்தான் போகிறது.

எழுத்தில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இங்கே நிலக்காரரின் பயத்தையும் சொல்ல வேண்டும், அது பொய்யான பயம் இல்லை. 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கள் தாத்தாக்கள் வாங்கிய அடிக்கும் வெளியேற்றத்துக்கும் கிடைத்த சட்டம் அது, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. பதிவாகிவிட்டால் குத்தகைக்காரரை எளிதில் எழுப்ப முடியாது. தகராறு என்றால் வருவாய் நீதிமன்றம், வருஷக்கணக்கு. அதனால் நிலக்காரர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். புதிதாக விடும் குத்தகை எல்லாம் வாய்வார்த்தை ஆனது. எங்கள் நிலக்காரர் அவ்வளவு நல்லவர், 2,000 ரூபாயைத் தானாகக் கழித்தவர். அவரிடமே, "அண்ணே, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு தடவை கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பையன்கிட்ட கேக்கணும் தம்பி" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

இந்தப் பயத்தைத் தொடாமல் குத்தகைக்காரனுக்கு உதவி கொடுக்க வழி இல்லையா என்றால், மற்ற இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒடிசாவில் காலியா என்ற உதவித்தொகைத் திட்டத்தில் நிலமில்லாத விவசாயக் குடும்பத்தையும் சேர்த்தார்கள். மேற்கு வங்கத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, சாகுபடி செய்கிற பதிவான விவசாயிக்கும் கிருஷக் பந்து என்ற உதவித்தொகை போகிறது. ஆந்திரத்தில் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் போட்டு, பதினோரு மாதத்துக்குச் செல்லும் அட்டை ஒன்று கொடுத்தார்கள். நிலத்தின் மேல் உரிமை வராது, பயிரின் மேல் மட்டும்தான் என்று அதில் தெளிவாகப் பிரித்தார்கள். ஆனால் அதற்கும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் அங்கேயும் நிறையப் பேருக்கு அட்டை கிடைக்கவில்லை. அந்தத் தப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டாம். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கே டி. ஹக் தலைமையில் குழு போட்டு 2016இல் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. சொந்தக்காரரின் உரிமை பத்திரம், குத்தகைக்காரருக்குக் கடனும் நிவாரணமும் என்பதுதான் அதன் சாரம். உங்கள் அலமாரியிலேயே இருக்கும், தூசி தட்டினால் போதும்.

அமெரிக்காவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அங்கே இருப்பவர்கள் எல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அவர்கள் கொரோனா விவசாய நிவாரணத்துக்கு 1,900 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் 1,600 கோடி நேரடியாகப் பணமாக. எந்தப் பயிர், எவ்வளவு, ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் விலை எவ்வளவு இறங்கியது என்று பார்த்தார்கள். விளைச்சலின் நட்டத்தில் யாருக்குப் பங்கோ அவருக்குப் பணம், குத்தகைக்காரரும் அதில் சேர்த்தி. ஊர்ச்சந்தையில் கூடை வைத்து விற்கிற சின்னப் பண்ணைகளுக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தவில்லை, பெரியவர்களுக்குத்தான் அள்ளிப் போனது என்று அங்கும் சண்டை நடந்தது. ஆகவே அதை அப்படியே எடுத்துவரச் சொல்லவில்லை. நட்டம் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கேட்பது இதுதான். தனி அடையாள எண் பதிவில் குத்தகைச் சாகுபடியாளர் என்று ஒரு வகையைத் திறந்துவிடுங்கள். நிலக்காரர் கையெழுத்தைக் கேட்காதீர்கள். சாகுபடிக்காரரின் உறுதிமொழி, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரின் சாட்சி, கிராம நிர்வாக அலுவலரின் நேர்ப் பார்வை, இது போதும். ஒரு பசலிக்கு, அதாவது ஒரு வருவாய்க் கணக்கு வருஷத்துக்கு, மட்டும் செல்லும் என்று வையுங்கள். இந்தப் பதிவை வைத்து யாரும் எந்த நீதிமன்றத்திலும் குத்தகை உரிமையோ நில உரிமையோ கோர முடியாது என்று அதிலேயே கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். அந்த ஒரு வரி தாம்பரத்திலும் அமெரிக்காவிலும் இருக்கிற மகன்களின் தூக்கத்தைக் காப்பாற்றும், எங்களையும் காப்பாற்றும். 1955 சட்டப்படி ஏற்கெனவே உரிமை உள்ளவர்களின் உரிமை இதனால் குறையாது என்று அடுத்த வரியையும் மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டிப் பழைய குத்தகைக்காரர்களைக் கிளப்பிவிடுவார்கள். பெயர்ப் பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். கிராம சபையில் படியுங்கள்.

அடுத்த பேரிடருக்கு இப்போதே ஒரு விதியை எழுதி வையுங்கள்: நிலத்துக்கு என்று வருஷா வருஷம் கொடுப்பது சொந்தக்காரருக்கே போகட்டும், பயிர் நட்டத்துக்கு என்று கொடுப்பது பயிர் வைத்தவருக்குப் போகட்டும். தாம்பரத்து அண்ணனின் 6,000 ரூபாய் மேல் எனக்குக் கண் இல்லை.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் தோட்டத்தில் இலை அறுக்க ஒரு தம்பதி வருவார்கள். அவர் அறுப்பார், அந்த அம்மா ஏடு பிரித்து எண்ணிக் கட்டுவார். அந்த ஏப்ரல், மே முழுக்க அவர்களுக்கு வேலை இல்லை. ஒரு வாரம் அரிசியும் 500 ரூபாயும் கொடுத்தேன், அடுத்த வாரம் என்னால் முடியவில்லை. நூறு நாள் வேலையில் கூலியை 229இலிருந்து 256 ஆக்கியிருந்தார்கள், ஆனால் முதல் சில வாரம் வேலையே நடக்கவில்லை. நான் பட்டா இல்லாதவன் என்றால் அவர்கள் குத்தகைகூட இல்லாதவர்கள். இலைக்கு நிவாரணம் வந்து அது என் கைக்கே வந்திருந்தாலும் அவர்கள் பங்கைப் பிரித்துக் கொடுத்திருப்பேனா? தாம்பரத்து அண்ணனைப் போல போன் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர்களை என் நல்ல மனசை நம்பி விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

முகாமில் அந்தப் பெண் என்னைச் சும்மா அனுப்பவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள். "குத்தகைக்காரங்களுக்குன்னு ஆர்டர் வந்தா நானே கூப்பிடறேங்க ஐயா" என்றாள். எனக்கு முன்னால் பதினொரு பெயர் இருந்தது. என் சித்தப்பா மகன் பெயர் நாலாவது. அவள் நம்பரை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தவிர மற்ற நாளில் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், வியாழன் இலை அறுக்கிற நாள்.

ஆர்டர் நீங்கள் போட வேண்டியது.

இப்படிக்கு,
திருவையாறு வட்டாரத்துக் குத்தகை விவசாயி ஒருவன்